மே 29: கிரேக்கருக்கும் நம் எல்லைப்புறத்துக்கும்

நாட்காட்டியில் சில நாட்கள் ஓர் இனத்தாரின் நினைவில் அழியாது நிலைபெற்றுவிடுகின்றன. கிரேக்க மக்களுக்கு மே 29 அத்தகையதொரு நாள். 1453ஆம் ஆண்டு அந்நாளில் கான்ஸ்டாண்டிநோபிள் மாநகரம் துருக்கியர் வசமாயிற்று. கடைசிச் சக்கரவர்த்தி பதினோராம் கான்ஸ்டன்டைன் போரிலே மாண்டார். அன்று செவ்வாய்க்கிழமை. ஆதலால் கிரேக்கர் இன்றும் செவ்வாயை ஆகாத கிழமை என்பர். நம்மில் பலரும் செவ்வாயன்று நற்காரியம் தொடங்கத் தயங்குகிறோம் அல்லவா?

நம் எல்லைப்புறத்து வரலாற்றிலும் அதே மே 29 குறிக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டு அந்நாளில்தான், தமிழ்நாடும் கேரளமும் பெரியாறு, பரம்பிக்குளம்–ஆழியாறு ஆகிய இரு நீர்த்திட்டங்கள் பற்றியும் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டன.

முதலாவது, இடுக்கியைச் சார்ந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக அளித்திருந்தது. 1970இல் அத்தொகை 30 ரூபாயாயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. அந்நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தமிழ்நாடு தனிக் கட்டணம் செலுத்த இசைந்தது.

இரண்டாவது, பாலக்காட்டைச் சார்ந்தது. பரம்பிக்குளம் அணை கேரள மண்ணில் இருப்பினும் அதனை இயக்குவது தமிழ்நாடு. அந்நீர் பொள்ளாச்சி, உடுமலை வயல்களை வளப்படுத்துகிறது. அதற்கீடாக, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடி நீரைச் சிற்றூர்ப் பகுதிக்கு விட வேண்டும். சோலையாற்றிலும் கேரளத்துக்குரிய பங்கு 12.3 டி.எம்.சி. என வரையறுக்கப்பட்டது.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் கேரளத்து ஏரியை எதிர்நோக்குகின்றனர். சிற்றூர் உழவரோ தமிழ்நாடு திறந்துவிடும் நீரை எதிர்நோக்குகின்றனர். அச்சிற்றூர் உழவரிலும் தமிழ் பேசுவோர் பலர். மழை பொய்த்த ஆண்டுகளில் இரு தரப்பிலும் கவலை ஒன்றே. அணையின் உறுதி குறித்த அச்சமும் வழக்குகளும் எழுந்ததுண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பெரியாற்று நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த அனுமதித்தது.

தில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு தண்ணீர்த் தகராற்றுச் செய்தியைக் கேட்கும்போது, ‘நம்மவர் பக்கம் எது?’ என்று வினவுகிறோம். எல்லையின் இரு பக்கமும் நம்மவரே வாழ்கின்றனர் என்பதை மறவாதிருப்போமாக.