காண்பதும் கருதுவதும்: லியோனார்டோவின் உடற்கூற்றுச் சித்திரங்கள்

லியோனார்டோ டா வின்சி (1452–1519) என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, மிலான் நகரத் துறவியர் மடத்தின் உணவு மண்டபச் சுவரில் அவர் தீட்டிய இராப்போஜனக் காட்சியே. ஆயின், அவரது உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர் தாள்களில் வரைந்து வைத்த சித்திரங்களையும் காணுதல் வேண்டும். இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்சர் அரண்மனையில் மட்டும் 500க்கு மேற்பட்டவை பாதுகாக்கப்படுகின்றன. மனித உடலைப் பற்றிய சித்திரங்கள் அவற்றுள் தலைசிறந்தவை.

1507–08ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் புளோரன்சு நகர மருத்துவமனையொன்றில் முதியவர் ஒருவரோடு லியோனார்டோ உரையாடினார். தமக்கு 100 வயதைக் கடந்துவிட்டதென்றும், சோர்வன்றி வேறு நோவு எதுவும் இல்லையென்றும் அவர் கூறினார். சிறிது நேரத்தில் அமைதியாக உயிர் நீத்தார். இத்துணை இனிய மரணத்தின் காரணம் யாதென அறிய, லியோனார்டோ அவ்வுடலை அறுத்து ஆராய்ந்தார். இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருக்கக் கண்டு, கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார்.

இதயத்தைப் பற்றியும் அவ்வாறே. பெருந்தமனியின் அடிப்பகுதியில் இரத்தம் சுழன்று திரும்புவதே அங்குள்ள இதழ்கள் மூடுவதற்கு உதவுகிறது என்று அவர் எழுதினார். அதைச் சோதிக்கக் கண்ணாடி மாதிரி ஒன்றை அமைக்கும் முறையையும் குறித்தார். அவரது கருத்தை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

எனினும், இதே கை பிழையும் வரைந்தது. இதயத்தின் வல, இட அறைகளைப் பிரிக்கும் தடித்த சுவரில் நுண்துளைகள் உண்டென்றும், அவற்றின் வழியே இரத்தம் கசிகிறதென்றும் 2ஆம் நூற்றாண்டு மருத்துவ மேதை கேலன் போதித்திருந்தார். அத்துளைகளை ஒருவரும் கண்டதில்லை. ஏனெனில் அவை இல்லை. ஆயினும் லியோனார்டோ அவற்றை ஏற்று வரைந்தார். இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகிறதென்னும் உண்மையை ஹார்வி 1628இல் வெளியிடும்வரை அக்கொள்கையே மேலோங்கி நின்றது.

மற்றொரு பிழையும் கவனிக்கத்தக்கது. கருப்பையில் முடங்கிக் கிடக்கும் சிசுவை அவர் ஏறத்தாழ 1511இல் வரைந்தார். 139ஆம் சங்கீதத்தைத் தியானிப்போர் நெஞ்சை அச்சித்திரம் தொடாமற் போகாது. ஆனால் மானிடத் தாயின் நஞ்சுக்கொடி ஒரே தட்டாக அமைந்தது. அவர் வரைந்ததோ பல தட்டுகளாகப் பிரிந்த, பசுவிற்குரிய அமைப்பு. கருவுற்ற பசுவின் கருப்பையை அவர் முன்னர் ஆராய்ந்திருந்தார். மனித உடலில் காணக் கிட்டாததை, அங்கே கண்டதைக் கொண்டு நிரப்பிவிட்டார்.

இவ்விரு பிழைகளும் திருமறையை விளக்குவோராகிய நமக்கு அந்நியமானவை அல்ல. மதிப்பிற்குரிய ஆசிரியர் கூறினார் என்பதற்காக, வேதபகுதியில் இல்லாத ஒன்றை அதில் கண்டதாகப் பேசுவது முதலாவது. ஒரு சுவிசேஷகன் கூறாது விட்டதை, வேறொருவன் கூறியதைக் கொண்டு நாமே நிரப்பி, அவனுடைய தனிக் குரலை அடக்கிவிடுவது இரண்டாவது. இரண்டும் அறியாமையால் மட்டும் விளைபவை அல்ல. கற்றோரும் உழைப்போரும் இவற்றிற்கு ஆளாகின்றனர் என்பதற்கு லியோனார்டோவே சான்று.

இதனால் முன்னோரின் விளக்கவுரைகளைத் தள்ளிவிட வேண்டுமென்பது கருத்தன்று. கேலனைக் கல்லாமல் லியோனார்டோ இதயத்தை அணுகியிருக்க இயலாது. ஆனால் அருளுரை ஆயத்தம் செய்கையில் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும், 'இதை நான் இப்பகுதியில் கண்டேனா, பிறரிடம் கேட்டேனா, வேறிடத்திலிருந்து கொணர்ந்தேனா?' என்று வினவுதல் நன்று. கேட்டதையும் கொணர்ந்ததையும் அவ்வாறே சபைக்கு அறிவித்துவிட்டால், கண்டதைத் துணிவுடன் பிரசங்கிக்கலாம்.