பிறேக்கைத் தளர்த்தும் மருந்து

நம் இரத்தத்திலுள்ள ரீ கலங்கள் நோயை எதிர்ப்பவை. அவை எல்லை மீறாதிருக்க ‘பிறேக்’ போன்ற புரதங்கள் அவற்றில் உண்டு. புற்றுநோய்க் கலங்கள் அந்தப் பிறேக்கையே அழுத்தித் தப்பிவிடுகின்றன. அதைத் தளர்த்தினால் நம் கலங்களே புற்றைத் தாக்கும். இந்த நிர்ப்பீடனச் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். மெலனோமா என்னும் தோற்புற்று மூளைவரை பரவியிருந்த ஜிம்மி கார்ட்டர், 2015இல் மற்றச் சிகிச்சைகளோடு இம்மருந்தையும் பெற்றார். 100 வயதுவரை வாழ்ந்தார்.

ஆனால் எங்களைப் போன்ற கருநிறத் தோலினருக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான். அவ்வகைக்கு இம்மருந்து குறைவாகவே பலிக்கிறது. முந்திக் கண்டால் வெட்டியகற்றலாம். வுழூ செய்யும்போது உள்ளங்காலையும் பார்க்கும்படி உம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். புதிதாகக் கறுத்து, பெருத்துவரும் புள்ளியென்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.