உப்புக் காற்றும் காபரேற்றரும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. குடியிருப்பு ஓரிடத்திலும் வயல் வேறிடத்திலும் ஆகிவிட்ட பின்னர், இரண்டையும் தொடுத்து வைத்திருப்பது அதுதான். உப்புக்குளத்திலோ தீவின் வேறு குடியிருப்புகளிலோ இருந்துகொண்டு, பாலம் கடந்து கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்குப் போய்வருவோருக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விதைநெல், உரப்பை, மருந்துத் தெளிகருவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எல்லாம் ஏறுவது அதிலேதான். தண்ணீர் முறை வந்த காலையில் அது ஸ்ராட் ஆக மறுத்தால், முறை அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைய கூலியும் கராஜ் செலவும் சேர்ந்து நட்டமாகும்.

இப்படி நின்றுபோகும் வண்டிகளில் பலவற்றுக்கு இயந்திரத்தில் பெரிய பழுது எதுவும் இருப்பதில்லை. பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுக்கும் காபரேற்றரில்தான் அடைப்பு இருக்கும். அந்த அடைப்பை நீக்குவதற்குக் கழியொலியால் கழுவும் சிறிய மெசின் ஒன்று இன்று விற்பனைக்கு உண்டு. அது என்ன செய்கிறது, எதைச் செய்யாது, நமது மக்கள் அதனால் எப்படிப் பயனடையலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

காபரேற்றரோடு நமது மக்களுக்குள்ள பழக்கம் கசப்பானது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கிற்கான எரிபொருளுக்குத் தடை வந்தது. மன்னார்த் தீவு இராணுவத்தின் கையிலும், பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்த காலம் அது. அந்தப் பக்கம் பெற்றோல் மருந்துபோல் ஆனது. மக்கள் சும்மா இருக்கவில்லை. சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தைச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெள்ளைப் புகை கக்கியபடி வண்டிகள் ஓடின. நோயாளிகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அப்படித்தான் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தார்கள். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே அந்த நிலைமை மாறியது.

அது தேவை கற்றுத் தந்த வித்தை. ஆனால் வண்டிக்கு அது நல்லதல்ல. பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சியது ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்கில் கரி பிடிக்கும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இன்னொரு பாடம் கிடைத்தது. எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்கள், கிடைத்ததைக் கலன்களிலும் பிளாஸ்ரிக் போத்தல்களிலும் சேமித்து வைத்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. கடற்றொழிலாளரும், மண்ணெண்ணெய் மெசினால் தண்ணீர் இறைப்போரும் ஒருசேர அடிபட்டார்கள். ஓடாமல் நின்ற வண்டிகளிலும் மெசின்களிலும் பழைய எரிபொருள் தேங்கிக் கிடந்தது.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

தேங்கிய பெற்றோலின் இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். எஞ்சியது நாளடைவில் பிசினாகி, பின்னர் வார்னிஷ் போலக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இத்துடன் தாங்கிக்குள் இருந்து வரும் துருவும், மாரியில் இறங்கும் நீரும் சேரும். கரையோரத்தில் இன்னொரு பகையும் உண்டு. உப்பேறிய ஈரம் அலுமினியத்திலும் நாகத்திலும் வெண்பொடியாகப் பூத்து, சிறு துவாரங்களின் வாயை மூடிவிடும்.

காபரேற்றரில் உள்ள பைலட் ஜெற்றின் துவாரம் பெரும்பாலும் அரை மில்லிமீற்றருக்கும் குறைவானது. அதில் மெல்லிய படை ஒன்று பிடித்தாலே போதும். காலையில் ஸ்ராட் ஆகாது. ஆனாலும் கைவிட்டதும் நின்றுவிடும். ஊசியாலோ செப்புக் கம்பியாலோ குத்தித் துப்புரவாக்குவது நமது கராஜ்களில் வழக்கம். ஜெற் பித்தளை, மென்மையானது. குத்தக் குத்தத் துவாரம் பெருக்கும். பிறகு பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், பிளக் கறுக்கும். அதோடு, காபரேற்றரின் உடலுக்குள் வளைந்து செல்லும் வழிகளுக்குள் எந்தக் கம்பியும் போகாது.

காதுக்குக் கேளாத ஒலி

மெசின் என்பது துருப்பிடிக்காத உருக்கினாலான ஒரு தொட்டி. மின்சாரம் கொடுத்தால் அதிரும் பீங்கான் வில்லைகள் அதன் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். அவை பொதுவாகச் செக்கனுக்கு 40,000 தடவை அளவில் அதிரும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 வரைதான் கேட்கும். ஆகவே இதைக் கழியொலி என்கிறோம். அதிர்வினால் தொட்டியில் உள்ள நீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் எண்ணற்றுத் தோன்றி உடனேயே நொறுங்கும். நொறுங்கும் இடத்தில் உண்டாகும் சிறு மோதல்தான் அழுக்கைப் பெயர்க்கிறது. குமிழி ஜெற்றின் துவாரத்தைவிடச் சிறியது. எனவே நீர் புகும் இடமெல்லாம் அதுவும் வேலை செய்யும்.

இந்தக் குமிழியின் பலத்தைக் கடற்றொழிலாளர் நன்கு அறிவர். வெளியிணைப்பு இயந்திரத்தின் சுழலி விளிம்பில் புழு அரித்ததுபோலக் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவ்வகைக் குமிழிகளின் வேலைதான். கப்பற் சுழலிகள் இவ்வாறு அரிக்கப்படுவதை ஆராயப் புகுந்த ஆங்கில விஞ்ஞானி றேலி பிரபு, குமிழி நொறுங்கும்போது உண்டாகும் அழுத்தத்தை 1917இல் கணித்துக் காட்டினார். அதே காலத்தில் பிரான்சில் போல் லாஞ்சவன், நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கப் பளிங்கை மின்சாரத்தால் அதிரவைத்துக் கழியொலியை எழுப்பினார். போருக்கென வந்த அறிவு இன்று மீன்கூட்டம் காட்டும் கருவியிலும் இந்தக் கழுவும் தொட்டியிலும் பயன்படுகிறது. கண்ணாடிக் கடைகளிலும் பல் வைத்தியரிடமும் இருக்கும் சிறு தொட்டியும் இவ்வினமே.

செய்யும் முறை

முதலில் காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலை முற்றாக வடித்துவிட வேண்டும். எயார் ஸ்குறூவை மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்த பின்னரே கழற்றவும். ஜெற்றுகள், மிதவை, ஊசி, றப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் வேறாக்கவும். றப்பரும் மென்தகடும் தொட்டிக்குள் போகக்கூடாது. மேலே படிந்த சேற்றையும் கிறீசையும் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டால் தொட்டி நீர் விரைவில் அழுக்காகாது.

தொட்டியில் நீரும் சிறிதளவு பாத்திரம் கழுவும் திரவமும் போதும். நீர் 50 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடாக இருப்பது நல்லது. பாகங்களைக் கம்பிக் கூடையில் வைத்தே இறக்கவும். தொட்டியின் அடியில் நேரே வைத்தால் மெசின் பழுதாகும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால் அந்த இடம் கழுவப்படாது. ஆகவே நீரில் தாழ்த்திப் புரட்டி, குமிழ் வெளியேறிய பின் மெசினைப் போடவும். 10 நிமிடத்தின் பின் திருப்பிவைத்து இன்னும் 10 நிமிடம் விடலாம்.

பின்னர் நல்ல நீரில் அலசவும். தீவின் கிணறுகள் பல உவர். உவர்நீரில் அலசினால், காயும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். மழைநீர் அல்லது குடிக்க வாங்கும் சுத்திகரித்த நீர் ஒரு போத்தல் போதும். காற்றடித்து எல்லா வழிகளையும் உலர்த்தி, ஜெற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளி தெரிய வேண்டும்.

மெசின் வேலை செய்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. மெல்லிய அலுமினியத் தாளை ஓரிரு நிமிடம் நீரில் தொங்கவிட்டு எடுத்தால் அதில் பொத்தல்களும் புள்ளிகளும் விழுந்திருக்கும். விழாவிட்டால் மெசினில் பலமில்லை. வாங்கும்போதே கடையில் இதைச் செய்து காட்டும்படி கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தொட்டிக்குள் பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் ஊற்றக்கூடாது. சூடும் மின்சாரமும் உள்ள இடத்தில் அந்த ஆவி தீப்பற்றும். ஓடும் தொட்டிக்குள் கைவிடக்கூடாது. சோடாக்காரம் போன்ற கடும் காரங்களைப் பாவித்தால் அலுமினியம் கறுத்து அரித்துப்போகும். நீண்ட நேரம் ஊறவிடுவதும் அப்படியே.

கழிவு நீரைக் கிணற்றருகே ஊற்றுவது பெரும் தவறு. தீவின் நன்னீர் மணலுக்குக் கீழே ஆழமின்றிக் கிடக்கிறது. அதில் ஒயில் இறங்கினால் ஊருக்கே கேடு. ஒரு கலனில் ஊற்றித் தெளியவைத்து, மிதக்கும் ஒயிலையும் அடியிலுள்ள அழுக்கையும் வேறாக்கி வைக்கவும்.

இம்மெசின் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. தேய்ந்த ஊசியையோ, பெருத்த ஜெற்றையோ, வெடித்த றப்பரையோ அது திருத்தாது. தாங்கியில் துரு இருக்கும்வரை காபரேற்றரை எத்தனை முறை கழுவினாலும் அடைப்பு திரும்பவும் வரும். முதலில் தாங்கியைக் கழுவி, எரிபொருட் குழாயில் சிறு வடிகட்டி போடவும். வண்டியைச் சில வாரங்கள் நிறுத்துவதாயின் பெற்றோல் திறப்பைப் பூட்டிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபரேற்றரில் எஞ்சியதை அடியிலுள்ள திருகால் வடித்துவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

யாருடைய மெசின்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை தடை நீடித்ததால், நமது பகுதிகளில் பழைய காபரேற்றர் வண்டிகளே நிறைந்திருக்கின்றன. நீரிறைக்கும் பெற்றோல், மண்ணெண்ணெய் மெசின்களிலும், விசைத் தெளிகருவியிலும், பல படகு இயந்திரங்களிலும் இருப்பது காபரேற்றரே. லான்ட்மாஸ்ரர் டீசலில் ஓடுவது; அதற்குக் காபரேற்றர் இல்லை.

ஒரு குடும்பம் தனியே இதை வாங்குவது வீண். ஆண்டில் ஓரிரு நாள் தேவைப்படும் பொருளுக்குக் கடன்பட வேண்டாம். கமக்காரர் அமைப்போ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, கடற்றொழிலாளர் சங்கமோ இரண்டு மூன்று லீற்றர் கொள்ளும் ஒன்றை வாங்கி, பயிற்சி பெற்ற ஓர் இளைஞரின் கராஜில் வைக்கலாம். கழுவு கூலியைச் சங்கமே நிர்ணயிக்கட்டும். வருமானத்தில் ஒரு பங்கு மெசினின் தேய்மானத்துக்கெனத் தனியே சேரட்டும். கணக்கு மாதந்தோறும் கூட்டத்தில் வாசிக்கப்படட்டும். கணக்கு வாசிக்கப்படாத பொதுச் சொத்து நெடுநாள் நிலைப்பதில்லை.

1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்று மீண்ட முஸ்லிம் குடும்பங்களும், வன்னிப் போரில் 2009 வரை முகாம் முகாமாக அலைந்த தமிழ்க் குடும்பங்களும் இன்று மன்னாரில் அயலவர்கள். இருவரது வண்டியிலும் படிவது ஒரே உப்பு. ஒரு தொட்டியை இரு சாராரும் பொதுவில் வைத்துக் கணக்குக் காட்டி நடத்தினால், காபரேற்றரோடு சேர்ந்து மனங்களிலும் சிறிது அழுக்கு அகலும். வரும் பெரும்போகத்துக்கு முன் உங்கள் சங்கத்தின் கூட்டத்தில் இதைப் பேசிப்பாருங்கள்.