தாழ்ந்த கூரையில் ஒரு மாலை வகுப்பு

1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று, இத்தாலியின் தூரின் நகரில் ஒரு கொட்டகையில் புனித தொன் போஸ்கோ தம் சிறுவர்களைக் கூட்டினார். கூரை தாழ்ந்திருந்ததால் தரையைத் தோண்டி ஆழப்படுத்தியிருந்தார்கள். பகலெல்லாம் உழைத்த பிள்ளைகளுக்கு விளையாட்டும் செபமும் தந்தார். இரவில் எழுத்தும் கணக்கும் கற்பித்தார்.

நாமோ மண்டபம் இல்லையே என்று தயங்குகிறோம். ஒரு தாழ்வாரம் போதும். நல்ல வெளிச்சம், பாய், கரும்பலகை, குடிநீர் இருக்கட்டும். வரும் பிள்ளைக்கு முதலில் கொஞ்சம் சுண்டல், அரைமணி விளையாட்டு, அதன்பின் வீட்டுப்பாடம். வட்டமாக அமர வையுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை இராது. அப்பிள்ளைக்குத் துணையாக மூத்த மாணவர் ஒருவர் உட்காரட்டும்.

பூட்டிய வீட்டு வாசலில் அம்மாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை நம் தெருவிலும் உண்டு. அதற்காக நாம் எந்தத் தரையைத் தோண்டப் போகிறோம்?