காங்கேசன்துறைக் கைத்தொழில் வலயமும் வலிகாமத்தின் நிலத்தடி நீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புகையிரதம் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் ஆகிய நிலையங்களைக் கடந்து காங்கேசன்துறையில் தன் ஓட்டத்தை முடித்துக் கொள்கின்றது. கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டவருக்கு அது 400 கிலோமீற்றருக்கும் அதிகமான பயணத்தின் முடிவிடம். அங்கே இறங்கிச் சற்று நடந்தால் ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் கைவிடப்பட்ட சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்களும் சுண்ணக்கல் அகழ்ந்த பெரும் பள்ளங்களும் இருப்பதைக் காணலாம். வட மாகாணத்தில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்களை அமைக்கும் எண்ணத்தை அரசாங்கம் 2025 ஆம் ஆண்டில் வெளியிட்டதை அடுத்து, இந்தச் சிறு நகரம் மீண்டும் பேசுபொருளாகியுள்ளது. தொழிற்சாலை வருவது நல்லதே என்று ஒரு சாராரும், வந்த தொழிற்சாலை விட்டுச் சென்ற பள்ளங்களைப் பாருங்கள் என்று மறு சாராரும் வாதிடுகின்றனர். இரு தரப்பினர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆகவே, அடிப்படை விடயங்களைச் சற்று விளக்கமாக நோக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

காங்கேசன்துறையின் நவீன வரலாறு தண்டவாளத்துடனேயே ஆரம்பிக்கின்றது. வடபகுதிப் புகையிரதப் பாதையில் முதன்முதலில் திறக்கப்பட்ட பகுதி கொழும்புப் பக்கத்தில் இருக்கவில்லை என்பதைப் பலர் அறியார். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியே 1902 மார்ச்சில் முதலில் திறந்து வைக்கப்பட்டது. தென்னிலங்கையுடனான தொடர்பு 1905 ஆம் ஆண்டிலேயே பூர்த்தியாயிற்று. துறைமுகமும் பாதையும் ஒன்று சேர்ந்த இந்த அமைவிடமே பின்னர் ஒரு பெருங்கைத்தொழில் அங்கு வருவதற்கு வாய்ப்பளித்தது.

சுதந்திரத்தின் பின்னர் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ.ஜீ.பொன்னம்பலம் அவர்களின் காலத்தில், 1950 ஆம் ஆண்டு காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியை ஆரம்பித்தது. இலங்கையின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை அதுவே. வாழைச்சேனைக் காகித ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்பனவும் அவரது பெயருடன் சேர்த்தே பேசப்படுகின்றன. அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் பற்றிய விவாதம் வேறு. அதனை இங்கு நாம் எடுக்கவில்லை.

தொழிற்சாலை ஏன் அவ்விடத்தைத் தேடி வந்தது என்பதற்கு விடை மிக எளிது. ஒரு தொன் கிளிங்கரைப் பெறுவதற்குச் சுமார் ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் தேவைப்படுகின்றது. கல்லைக் களியுடன் கலந்து அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கும்போது, கல்லின் எடையில் கணிசமான பகுதி கரியமில வாயுவாக வெளியேறி விடுகின்றது. எஞ்சும் கிளிங்கருடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்துப் பொடியாக்கினால் சீமெந்து கிடைக்கும். எனவே, கல்லைத் தொலைவுக்குக் கொண்டு செல்வது வாயுவாகிப் போகும் எடைக்கும் கூலி கொடுப்பதற்குச் சமம். கல் இருக்கும் இடத்துக்கே சூளை வர வேண்டும். காங்கேசன்துறையில் கல் காலடியிலேயே இருந்தது.

களி மட்டும் அங்கு போதியளவு இல்லை. அது மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் கொண்டு வரப்பட்டது. வரைபடத்தில் முருங்கனும் காங்கேசன்துறையும் அத்துணை தூரமல்ல. ஆனால் தலைமன்னார்ப் பாதை மதவாச்சியிலேயே வடக்குப் பாதையுடன் இணைவதால், களி ஏற்றிய பெட்டிகள் தென்கிழக்கே மதவாச்சி வரை சென்று, அங்கிருந்து திரும்பி வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக வடக்கே வர வேண்டியிருந்தது. அவ்வளவு சுற்றிக்கொண்டு வந்தும் அது கட்டுபடியானதெனில், அதற்குக் காரணம் புகையிரதத்தின் மலிவான சரக்குப் போக்குவரத்தே. அதே பாதையில் சீமெந்து தெற்கே சென்றது. காலியில் அமைக்கப்பட்ட அரைக்கும் ஆலைக்கும் காங்கேசன்துறைக் கிளிங்கரே அனுப்பப்பட்டது. 1980களில் லங்கா சீமெந்து நிறுவனமும் அவ்வளாகத்தை ஒட்டி வந்து சேர்ந்தது. நாட்டின் வடமுனையும் தென்முனையும் ஒரே உற்பத்திச் சங்கிலியில் இணைந்திருந்த காலம் ஒன்று இருந்ததென இன்றைய இளைஞரிடம் கூறினால் வியப்படைவர்.

இச்சங்கிலி 1990 ஜூன் மாதத்தில் அறுந்தது. யுத்தம் மீண்டும் வெடித்ததுடன் புகையிரத சேவை நின்றது, தொழிற்சாலை மூடப்பட்டது, வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தொழிற்சாலைக்குள் ஒரு தலைமுறை கற்றுக் கொண்ட தொழில்நுட்ப அனுபவமும் அத்துடன் சிதறியது. சூளை இயக்குநர்களும் பொருத்துநர்களும் ஆய்வுகூட உத்தியோகத்தர்களும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வேறு தொழில்களில் முதுமையடைந்தனர். இயந்திரத்தை மறுபடி வாங்கலாம். இதனை வாங்க முடியாது.

யுத்தத்தின் பின்னர் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீளமைத்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் வந்தது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 ஒக்டோபரில் ஆரம்பிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. துறைமுகப் புனரமைப்புக்கென முன்னர் கடனாக ஒதுக்கப்பட்ட தொகைக்குப் பதிலாக 61.5 மில்லியன் அமெரிக்க டொலரை நன்கொடையாக வழங்க இந்தியா 2024 இல் முன்வந்தது. ஆக, பாதை, துறைமுகம், விமான நிலையம் என்ற மூன்றும் சில கிலோமீற்றர் சுற்றளவுக்குள் அமைந்த மற்றொரு சிறு நகரத்தை இந்நாட்டில் காண்பது அரிது. கைத்தொழிலுக்கு இதைவிடச் சிறந்த இடமேது என்று முதலீட்டாளர் கேட்பதில் நியாயம் உண்டு.

ஆயினும் முதலீட்டாளரின் கண்ணுக்குப் படாத ஒன்று மண்ணுக்குக் கீழே இருக்கின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கியாறு மாரி காலத்தில் மாத்திரமே ஆறு என்னும் பெயருக்கு உரியது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் நம்பியிருப்பது மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தேங்கும் நிலத்தடி நீரையே. இந்த நன்னீர், அடியில் இருக்கும் கடல்நீரின் மீது ஒரு வில்லை போல மிதக்கின்றது. கடல்நீரைவிட நன்னீர் சிறிதளவே பாரம் குறைந்தது. இதனால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை செல்லலாம் என்பது நீரியலாளர் கூறும் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே கவலைக்குரியது. மேலே ஒரு மீற்றர் குறைந்தால் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் ஏறி வருவதற்கு இடமுண்டு. வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த எமது சுண்ணக்கல்லில் உண்மை நிலைமை இக்கணக்கைவிட மோசமாகவே இருக்கக்கூடும். கரையோரக் கிணறுகளில் அதிகமாக நீர் இறைத்தால் உப்புக் கரிப்பதை எமது விவசாயிகள் சூத்திரம் எதுவுமின்றியே அறிந்து வைத்துள்ளனர்.

இப்போது சுண்ணக்கல் அகழ்வை நோக்குவோம். கடலுக்கு அண்மையில் ஆழமாகத் தோண்டப்படும் பள்ளம் மழைநீரை வடிகட்டிச் சேமிக்கும் கல்லையே அகற்றி விடுகின்றது. பள்ளம் நீர்மட்டத்தைத் தொட்டால் நன்னீர் வெளியில் திறந்து கிடந்து ஆவியாகும். பள்ளத்தை உலர்த்துவதற்காக நீரை இறைத்தால் உவர்நீர் உள்ளே வரும். அழுக்கும் எண்ணெயும் விழுந்தால் அவற்றைத் தடுக்க மண்படை எதுவும் எஞ்சியிராது. அண்மையிலேயே கீரிமலையின் நன்னீர்க் கேணி இருக்கின்றது. பழைய தொழிற்சாலை வேண்டுமென்று கோருவோர், 1950 ஆம் ஆண்டில் இவை பற்றி எவரும் கேட்கவில்லை என்பதையும், இன்று கேட்காமல் இருப்பதற்கு எமக்கு மன்னிப்பில்லை என்பதையும் மனதிற்கொள்ள வேண்டும். சுண்ணக்கல்லை அகழ்ந்து சூளையில் எரிக்கும் தொழிற்சாலை ஒன்று காங்கேசன்துறைக்கு மீண்டும் வருவதை நாம் ஆதரிக்கவில்லை. இதனைத் தெளிவாகவே கூறிவிடுகின்றோம்.

இது வெறும் அச்சமென ஒதுக்குவோருக்குச் சுன்னாகத்தின் அனுபவம் போதும். அங்கு மின் உற்பத்தி நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் முறையிட்டு, போராடி, வழக்காடினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மின் உற்பத்தியில் ஈடுபட்ட தனியார் நிறுவனம் 20 மில்லியன் ரூபாவை நட்டஈடாகச் செலுத்த வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. நீதி கிடைத்தது, ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க அஞ்சி, தாங்கி வண்டியை எதிர்பார்த்துக் காத்திருந்த நாட்களுக்கு எவரும் விலை கூற முடியாது. காங்கேசன்துறையிலிருந்து சுன்னாகம் நான்காவது நிலையம்தான்.

கல்லை அகழாமல் சீமெந்து செய்ய முடியாதா என்று கேட்கலாம். முடியும். கிளிங்கரைக் கப்பலில் இறக்கி, இங்கு அரைத்துப் பொதி செய்வது ஒரு வழி. திருகோணமலையில் பல தசாப்தங்களாக அவ்வாறே நடைபெறுகின்றது. நாட்டில் கல்லிலிருந்தே கிளிங்கர் தயாரிக்கும் ஆலை இன்று புத்தளத்தில் மாத்திரமே உள்ளது. அதற்குரிய கல் அறுவைக்காட்டிலிருந்து புகையிரதத்தில் வருகின்றது. அரைக்கும் ஆலைக்கு நீர் அதிகம் தேவையில்லை. ஆனால் மின்சாரம் மிகுதியாக வேண்டும், தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும், வேலைவாய்ப்போ சொற்பம். துறைமுகத்துக்கு வருமானம் தரலாம். நகரத்துக்கு வாழ்வு தருமா என்பது ஐயமே.

எமது பார்வையில், காங்கேசன்துறைக்கு ஏற்றவை நீரை அதிகம் உறிஞ்சாதனவும், கழிவை நிலத்தில் விடாதனவும், ஏற்றியிறக்கும் வசதியால் நன்மை பெறுவனவுமான கைத்தொழில்களே. குளிரூட்டிய களஞ்சியங்கள், வெங்காயத்தையும் மிளகாயையும் பழவகைகளையும் தரம் பிரித்துப் பொதி செய்யும் நிலையங்கள், படகுக் கட்டுமானமும் இயந்திரத் திருத்தமும், ஆடை மற்றும் மின்சாதனப் பொருத்தல் வேலைகள் என்பன அவ்வகையின. மீன் பதனிடலையும் பலர் முன்மொழிகின்றனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடுவிக்கப்பட்டுப் பின்னர் புனரமைக்கப்பட்ட நிலையில் அது இயல்பான யோசனையே. எனினும் மீன் பதனிடலுக்கு நன்னீர் ஏராளமாக வேண்டும். கழிவுநீரும் அதற்கேற்ப வெளியேறும். தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு உடையது. அது மக்களின் குடிநீருக்காக அமைக்கப்பட்டது. வலயத்தின் தேவைக்கென அதிலிருந்து பங்கு கேட்கப்படுமா, அல்லது வலயம் தனக்கெனத் தனியான நிலையம் அமைக்குமா என்பது ஆரம்பத்திலேயே எழுத்தில் வர வேண்டிய விடயம்.

புகையிரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாரிகள் "தண்டவாளம் இருக்கின்றது" என்று கூறித் திருப்தியடைகின்றனர். தண்டவாளம் இருப்பதும் சரக்கு ஏறுவதும் ஒன்றல்ல. ஒற்றைப் பாதையில் பயணிகள் வண்டிகளுக்கு இடையே சரக்கு வண்டிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். வலயத்துக்குள்ளும் துறைமுக மேடைக்கும் கிளைப்பாதை வேண்டும். ஏற்றியிறக்கும் தளம் வேண்டும். கட்டடங்கள் எழுந்த பின்னர் கிளைப்பாதைக்கு இடம் தேடினால் கிடைக்காது. அப்போது பாரவூர்திகள் தெல்லிப்பழை, மல்லாகம் வழியாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இடையே ஓடும். வரைபடத்தின் முதலாவது கோடு கிளைப்பாதையாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது காணிப் பிரச்சினையே. 2013 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2015 முதல் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்ட போதிலும், ஒரு பகுதி இன்னும் படைத்தரப்பின் வசமே உள்ளது. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தமது வளவைப் பார்க்கக் காத்திருப்பவரிடம், உமது காணி இப்போது அபிவிருத்திக்குத் தேவைப்படுகின்றது என்று கூறுவது எவ்வகையிலும் நியாயமாகாது. தொழிற்சாலைக்குச் சொந்தமான பழைய வளாகத்துக்குள் வலயம் அடங்குமாயின் மக்களின் ஒத்துழைப்பு தானே வரும். அதற்கு வெளியே ஓரங்குலம் தேவைப்பட்டாலும் உரிமையாளரின் சம்மதமும் நியாயமான விலையும் முன்னிபந்தனையாதல் வேண்டும்.

மக்கள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 10 ஹெக்டேயருக்கு மேற்பட்ட கைத்தொழில் பேட்டைகள் அனுமதிக்கு முன்னர் சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டியவை. அம்மதிப்பீடு இரு வகைப்படும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடாயின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துக் கூற 30 நாட்கள் வழங்கப்படும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனையாயின் அத்தகைய 30 நாள் கட்டாயம் இல்லை. இரண்டில் எது என்பது ஆரம்பத்தில், பெரும்பாலும் எவரும் கவனியாத வேளையில், தீர்மானிக்கப்படுகின்றது. தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்திலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் யாழ். அலுவலகத்திலும் எமது விவசாய சம்மேளனங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இக்கேள்வியை இப்போதே எழுத்து மூலம் கேட்க வேண்டும். அறிக்கை தமிழில், நிலத்தடி நீர் அளவீடுகளுடன், ஒரு மாரியையும் ஒரு கோடையையும் உள்ளடக்கியதாக வரவேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கொள்ளலாம்.