நிழற்படமும் வரைவும்: வீயா செல்மின்ஸ் அம்மையாரின் கலை

1833 ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள கோமோ ஏரிக்கரையில், வில்லியம் ஹென்றி பொக்ஸ் ரல்பொற் என்னும் ஆங்கில அறிஞர், கண்ணாடி அரியம் பொருத்திய ஒரு கருவியின் துணைகொண்டு அவ்விடத்துக் காட்சிகளை வரைய முயன்றார். கருவி காட்சியைத் தாளின்மேற் காட்டிற்று. கையோ அதற்கு இசையவில்லை. இயற்கை தானே தன் உருவைத் தாளில் எழுதிக்கொள்ளச் செய்தல் கூடாதோ என்னும் எண்ணம் அத்தோல்வியிலேயே அவருக்குத் தோன்றிற்று. 1839 இல் அவர் உலகுக்கு அறிவித்த முறைக்கு ஒளியால் வரைதல் எனப் பொருள்படும் பெயரையே இட்டார். வரைய வாராத ஒரு கை நிழற்படக் கலையின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று என்பது சுவையான செய்தியே. இவ்வாறு வரைவிற்கு மாற்றாகப் பிறந்த நிழற்படத்தை, ஒன்றேகால் நூற்றாண்டிற்குப் பின் மீண்டும் வரைவாக்கப் புகுந்தவருள் ஒருவர் வீயா செல்மின்ஸ் அம்மையார்.

அம்மையார் 1938 இல் லத்வியா நாட்டின் தலைநகராகிய றீகாவிற் பிறந்தவர். 1944 இல் சோவியத் படைகள் அணுகியபோது அவர்தம் குடும்பம் ஜேர்மனிக்கு ஓடி, அங்கே ஏதிலியராய் வாழ்ந்தது. 1948 இல் அமெரிக்கா சென்று இந்தியானாபொலிஸ் நகரிற் குடியேறியது. ஆங்கிலம் அறியாத பத்து வயதுச் சிறுமிக்குப் பள்ளியில் வரைதலே பெருந்துணையாயிற்று. பின்னர் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மாணவியாயிருந்த காலத்து, 1964 இல், தம் வேலையறையிற் கிடந்த விளக்கு, வெப்பமூட்டி முதலியவற்றைச் சாம்பல் நிறம் மேலோங்கத் தீட்டினார். அடுத்து அவர் கருத்தைக் கவர்ந்தவை பழைய நூல்களிலும் சஞ்சிகைகளிலும் வந்த போர்க்கால நிழற்படங்கள். 1966 இல் தீட்டிய விமானங்கள் அவற்றின் வழி வந்தவை.

1968 இல் வரைந்த ஹிரோசிமா என்னும் படத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆங்கு வரையப்பட்ட பொருள் அழிந்த நகரம் மாத்திரமன்று. அந்நகரின் படம் அச்சாகிய தாள்துண்டும் ஆகும். துண்டின் விளிம்பும் மடிப்பும் நகரின் இடிபாடுகளுக்கு இணையான கவனத்துடன் வரையப்பட்டுள்ளன. தாம் காணாத நகரைக் கண்டதுபோல் அவர் வரையவில்லை. தம் மேசைமேற் கண்ட தாளையே வரைந்தார். அவ்வாண்டிலேயே தம் அன்னையார் அனுப்பிய கடிதத்தின் உறையையும், அதன்மேல் அன்னையார் எழுதிய முகவரியோடு வரைந்தார். இவற்றைக் கொண்டு அம்மையாரின் கலை முழுவதையும் ஏதிலியின் கதையாகப் படிப்பாரும் உளர். அஃது எளிய வழி. ஆயினும் அவர்தம் கடல்களுக்கு முன் அவ்வழி நெடுந்தூரம் செல்லாது.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வெனிஸ் பகுதியிற் கடலுள் நீண்டு கிடக்கும் பாலத்தின்மேல் நின்று, அம்மையார் கமராவாற் கடற்பரப்பைப் படம்பிடித்தார். 1968 முதல் அப்படங்களை வேலையறையில் வைத்து, ஈழத்து மண்ணிலும் அகழ்ந்தெடுக்கப்படும் காரீயத்தாற் செய்த பென்சில் கொண்டு வரைந்தார். 1970 இல் வரைந்த கடலொன்று ஏறத்தாழ ஒன்றேகால் அடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உடையது. தாளின்மேல் முதலில் அக்கிரிலிக் பூச்சொன்று இடப்பட்டது. அதன்மேற் பென்சில் இயங்கியது. அதில் தொடுவானம் இல்லை, கரை இல்லை, கலமும் இல்லை. சுற்றிலும் வெண்மையான ஓரம். உள்ளே ஒருபுறமிருந்து மறுபுறம்வரை சிற்றலைகளே. வண்ணமிடாத வரைவைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்றனர். அப்பெயர் இப்படங்களுக்கு நன்கு பொருந்தும்.

படத்தைப் பார்த்துப் படம் வரைதல் கலையாகுமோ எனின், அவ்வினா நேரியதே. பார்த்து வரையும் மாணவனை, சொந்தமாக ஏதேனும் வரைக எனத் திருத்தாத ஆசிரியர் அரியர். ஆயின் ஈண்டு நிகழ்வது வேறு. கடல் ஓரிமைப்பொழுதும் நில்லாது. அதனை எதிர்நின்று அலை அலையாக வரைதல் எவர்க்கும் இயலாது. கமரா ஒரு நொடியில் அதனை நிறுத்தித் தட்டையான பரப்பாக்கித் தருகின்றது. அப்பரப்பின் ஒவ்வொரு புள்ளியையும் கை தேடிச் செல்லுங்கால், நொடியிற் கிடைத்த காட்சிக்கு நாட்கள் பல செலவாகின்றன. அலையின் மேடும் பள்ளமும் எங்கே மாறுகின்றன, கருமை எவ்வளவு அழுத்தத்தில் வரும், வெண்மைக்கு எவ்வளவு தாளை விட்டுவைத்தல் வேண்டும் என்பவற்றை அடிதோறும் கைதான் முடிவு செய்கின்றது, கமரா செய்வதில்லை. அம்மையார் இச்செயலை மீள விவரித்தல் என்றே குறிப்பதுண்டு. பிரதி செய்வோன் மூலம் நோக்கப்படாதவாறு மயக்க விரும்புவான்; இவரோ தாளைத் தாளென்றே காட்டுகின்றார். 1971 இல் வரைந்த கடல்களுள் ஒன்றில், நீர்ப்பரப்பின்மேல் இரு கோடுகள் குறுக்காக வெட்டிச் செல்கின்றன. கடலுள் ஆழ்ந்த கண் அக்கோடுகளால் திடுமெனத் தாளுக்கு மீள்கின்றது. புகைப்பட மெய்ம்மை ஓவியர் என்னும் கூட்டத்துள் இவரைச் சேர்த்தெண்ணுதல் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

1966 பெப்ரவரியில் சந்திரனில் மெல்ல இறங்கிய லூனா 9 என்னும் சோவியத் கலம் அனுப்பிய படங்களையும் அவர் 1969 இல் இவ்வாறே வரைந்தார். மனிதக் கண் நேரே கண்டிராத நிலம் அங்கே மனிதக் கையால் எழுதப்பட்டது.

1977 முதல் 1982 வரை நிகழ்ந்த பணியொன்றில் நிழற்படமும் விலகிற்று. பதினொரு கற்களை எடுத்து, அவற்றை வெண்கலத்தில் வார்ப்பித்து, வார்ப்பு ஒவ்வொன்றின்மேலும் மூலக்கல்லின் புள்ளிகளையும் வரிகளையும் தீட்டி, இரட்டையிரட்டையாக வைத்தார். எது கல், எது வெண்கலம் எனக் காண்போர் நெடிது நோக்கியே துணிதல் வேண்டும். அவ்வாறு நோக்குவிப்பதே அம்மையாரின் நோக்கம் என்னலாம்.

1981 இல் நியூயோர்க்கிற் குடியேறிய பின், 1990 களில், வானியல் நிழற்படங்களைப் பார்த்து இரவு வானத்தை வரைந்தார். இவற்றிற் பென்சில் இல்லை. தாள் முழுவதும் கரித்தூள் பரப்பப்படும். பின்னர் அழிறப்பர் கொண்டு வேண்டுமிடங்களிற் கரியை நீக்குவர். கரி நீங்கிய இடங்களில் வெளிப்படும் வெறுந்தாளே விண்மீன்கள்.