பேர் பிள்ளைக்கா, நமக்கா?

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் பேர் வைத்தபாடில்லை. புருஷன் ஒரு பேரைச் சொன்னால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இவள் ஒன்றைச் சொன்னால், "என்ன இது, மாத்திரை பேர் மாதிரி இருக்கு?" என்கிறாராம் அவர். போன வாரம் முருங்கைக்காய் கேட்டு வந்தவள், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதே விட்டாள். "உங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்க்கா. எங்களுக்குள்ள பேச்சே இல்லாமப் போச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது. அன்று அவளிடம் சொன்னதை வாசகிகளுக்கும் எழுதலாமே என்று தோன்றியது.

எனக்கு மூத்தது பையன். அவனுக்குப் பேர் வைப்பதில் பிரச்னையே எழவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேர். ‘பேரன்’ என்ற சொல்லே தாத்தாவின் பேரைச் சுமப்பவன் என்பதால் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். என் மாமனாருக்குக் கழுகுமலை முருகன் பேர், கழுகாசலமூர்த்தி. பையனுக்கும் அதுவே ஆயிற்று.

வைத்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. அவன் சேட்டை பண்ணினால் பேர் சொல்லி ஒரு அதட்டுப் போட முடியாது. "மாமனார் பேரைச் சொல்லியா வையிறே?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் வீட்டில் எப்போதும் ‘தம்பி’தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள் டீச்சர் பேரைக் கூப்பிட, இவன் பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். "உன்னைத்தாண்டா" என்றதற்கு, "அது எங்க தாத்தா" என்றானாம்!

இரண்டாவது பெண் பிறந்தாள். என் அம்மா தவறிவிட்டதால் பேறுகாலம் மாமியார் வீட்டில்தான். பூண்டுக் குழம்பு, கருப்பட்டி, காயம் என்று அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. பதினாறாம் நாள் பேர் விடுவது என்று முடிவானது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார், "மூத்ததுக்கு அப்பா பேர். இதுக்கு அம்மா பேர். அதுதானே முறை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அத்தையின் பேர் போதும்பொண்ணு.

நம் தென்மாவட்டத்து வாசகிகளுக்கு இந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை. வரிசையாகப் பெண் பிறந்தால், ‘போதும்’ என்று பேர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. திருத்தணிப் பக்கம் நாராயணபுரம் என்ற ஊரில் ‘வேண்டாம்’ என்றே பேர் வைப்பார்கள் என்று 2019-ல் பத்திரிகைகளில் வந்தது. இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. மகாராஷ்டிரத்தில் சதாரா மாவட்டத்தில் ‘நகுசா’ என்று வைப்பார்களாம். வேண்டாதவள் என்று அர்த்தம். அந்தப் பேருள்ள 285 சிறுமிகளுக்கு 2011-ல் மாவட்ட நிர்வாகமே விழா நடத்தி, அவர்கள் விரும்பிய புதுப் பேரை வைத்துக் கொடுத்தது.

என் மனசில் வேறு பேர் இருந்தது. நான் பத்தாவது வரைதான் படித்தேன். பக்கத்து ஊர் எட்டயபுரத்து பாரதியார் தம் குருவாக மதித்தது சகோதரி நிவேதிதாவை என்றும், 1908-ல் வந்த தம் பாட்டுப் புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார் என்றும் டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்தப் பேர் மேல் ஆசை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்ப்பேன். பெண் பிறந்தால் நிவேதிதா என்று எப்போதோ முடிவு பண்ணியிருந்தேன்.

அதை நயமாகச் சொல்லியிருக்கலாம். "அந்தப் பேரையா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ண மாட்டாங்களா?" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்கம்மா பேரு உனக்கு அசிங்கமா இருக்கா?" என்றார். அவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். அவரைப் படிக்க வைக்க அத்தை அதே மாதிரி ஒரு ஆபீஸில் வருஷக்கணக்கில் கட்டை அடுக்கியவர்கள். அந்த அம்மா பேரை நான் குறை சொன்னதாக அவருக்குப் பட்டுவிட்டது. நாலு நாள் பேச்சில்லை. தம்பி மூலமாகத்தான் "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு", "அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லு" எல்லாம்.

அஞ்சாம் நாள் அவரே இறங்கி வந்து, "ரெண்டு பேரையும் சேர்த்து வச்சிருவோம்" என்றார். போதும்பொண்ணு நிவேதிதா! இடைசெவல் கி.ரா.வுக்கு வீட்டில் வைத்த பேர் ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜம் என்று ரயில் மாதிரி நீளும். ஊர் உலகத்துக்கு அவர் கி.ரா.தான். எத்தனை பேரைக் கோத்துக் கட்டினாலும் கூப்பிடுவது ஒன்றைத்தான். அந்த ஒன்று எது என்பதில்தானே எங்கள் சண்டையே!

இத்தனையும் அத்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று ராத்திரி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்கள்.

"ஏய்யா, எம் பேரை ஒரு தடவையாச்சும் காது குடுத்துக் கேட்டிருக்கியா? நான் நாலாவது பொட்டப்புள்ள. எங்கய்யா ‘போதும்’னுட்டாரு. அடுத்து உங்க மாமன் பொறந்ததும், பேரு வேலை செஞ்சிருச்சுன்னு ஊருக்கே கருப்பட்டி குடுத்தாங்க. அது எனக்கு வச்ச பேரு இல்ல. வரப்போற ஆம்பளப் புள்ளைக்கு வச்ச பேரு. நான் சுமந்துக்கிட்டு அலைஞ்சேன். ரேஷன் கடையில, ஆசுபத்திரியில, நூறு நாள் வேலைக்குப் போன எடத்துல, கூப்பிடுறப்பெல்லாம் நாலு பேரு திரும்பிப் பாத்துச் சிரிப்பான். எம் பேத்திக்கு அது வேண்டாம்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது வருஷம் அந்தப் பேரைக் கேட்டு வளர்ந்தவருக்கு அதற்குள் இவ்வளவு இருப்பது தெரியவில்லை. எனக்கும்தான். கேலி பண்ணுவார்கள் என்று எனக்குப் பட்டதே தவிர, அத்தைக்கு வலித்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சரி, இனி நம் பேர்தான் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். நிவேதிதா என்று சொன்னேன். "அப்படின்னா என்ன தாயி?" என்று கேட்டார்கள். "அர்ப்பணிக்கப்பட்டவள்னு அர்த்தம் அத்தை" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாருக்கு? இவளும் யாருக்காகவோதானா?" என்றார்கள்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நிவேதிதா நல்ல பேர்தான், இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மார்கரெட் நோபிள் என்ற அந்த அம்மையார் வளர்ந்து, படித்து, தானே விரும்பி நம் நாட்டுக்கு வந்து 1898-ல் விவேகானந்தரிடம் தீட்சை வாங்கியபோது ஏற்றுக்கொண்ட பேர் அது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நான் வைக்க நினைத்தது என் பள்ளிக்கூடத்து ஆசைக்காக. அவர் வைக்க நினைத்தது அவர் அம்மா மேல் உள்ள நன்றிக்காக. குழந்தைக்காக யார் யோசித்தோம்?

"நீங்களே ஒரு பேர் சொல்லுங்க அத்தை" என்றேன். "எனக்கென்ன தெரியும்?" என்று எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவர்களாகப் பேச்சை எடுத்தார்கள். "சின்னப்புள்ளையில விடியுமுன்ன எந்திரிச்சு ஆபீஸ் வண்டிக்கு ஓடுவேன். கரிசக்காட்டுப் பாதையில ஒரே பயமா இருக்கும். தொணைக்கு வாறது நெலா மட்டுந்தான். அதை வைங்களேன்." "போதும்ங்கிறதை எடுத்துட்டா உங்க பேர்ல பொண்ணு மிச்சமிருக்கேம்மா. அது பொன்னாவே இருக்கட்டும்" என்றார் இவர். அப்படி வந்ததுதான் பொன்னிலா. பதினாறாம் நாள் அத்தைதான் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னார்கள். இப்போது ஒன்றாவது படிக்கிறாள். சேட்டை பண்ணினால் தாராளமாகப் பேர் சொல்லித் திட்டுகிறேன். யாரும் சண்டைக்கு வருவதில்லை!

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான். புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக அஞ்சு பேர் எழுதுங்கள். மாற்றிக்கொண்டு, பிடிக்காததை அடியுங்கள். ஆனால் ‘நல்லா இல்ல’ என்று மட்டும் சொல்லி அடிக்காதீர்கள். ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு அம்மாவோ, ஒரு பழைய ஆசையோ இருக்கும். மிஞ்சிய பேரை வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட வருகிறதா? அறுபது வயதில் ஒரு பாட்டிக்கும் அந்தப் பேர் பொருந்துமா?

அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பேர் முடிவாகாவிட்டாலும் பேர் இல்லாமலே பதியலாம். பிறகு 12 மாதத்துக்குள், பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் கட்டணமில்லாமல் பேரைச் சேர்ப்பார்கள். ஒரு வருஷம் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். 15 வருஷம் வரைதான் அதற்கும் அவகாசம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்து சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்து வாங்குங்கள். பின்னால் பேரை மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வெளியிட அலைய வேண்டியிருக்கும்.

நேற்று அந்தத் தங்கச்சி மறுபடி வந்தாள். கையில் ஒரு காகிதம், இரண்டு பேர் கையெழுத்திலும் பத்துப் பேர். அதில் ஆறு அடித்தாயிற்று. "இன்னும் முடிவாகலைக்கா. ஆனா ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து பேசினோம்" என்றாள், சிரித்துக்கொண்டே.

உங்கள் பேரை உங்களுக்கு யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்? உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ இதுவரை கேட்காதிருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.